பவுடர் அதிகமாகி விழுந்தவனைப் பார்த்தால் யாரைக் கூப்பிடுவது? (ரங்கூன் இழை)

கேள்வி: தட்டோன் வாசகர், 8 ஜூன் 2025

எங்க ஊர்ல ஒரு பையன் பவுடர், அதாவது ஹெராயின், அதிகமாகிச் செத்துட்டான். வயசு இருபத்திரண்டு. நலோக்சோன்னு ஒரு மருந்து இருக்காம், அதைப் பசங்க கையிலயும் வீட்டுக்காரங்க கையிலயும் கொடுத்து வைக்கணும்னு ஒரு அமைப்புக்காரர் வந்து சொன்னார். கோவில் கமிட்டியில ஒத்துக்கல. "காப்பாத்த மருந்து இருக்குன்னு தெரிஞ்சா பயம் விட்டுப் போயிடும், இன்னும் அதிகமாப் போடுவானுங்க"ன்னு சொல்றாங்க. அதுலயும் நியாயம் இருக்கிற மாதிரிதான் படுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

8 ஜூன், இரவு

நியாயம் இல்லை. அந்த மருந்து போட்டு எழுந்தவனை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.

நான் ரங்கூனில் ஒரு டிராப்-இன் சென்டரில், அதாவது ஊசி போடுகிறவர்கள் வந்துபோகும் உதவி மையத்தில், பதிவேடு எழுதும் வேலையில் இருந்தவள். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்திருக்கிறேன். நலோக்சோன் போதை தராது. உடம்பில் அபின் வகை எதுவும் இல்லாதவருக்குப் போட்டால் ஒன்றும் செய்யாது. ஹெராயின் ஏறி மூச்சு நின்று போகிறவனுக்குப் போட்டால், மூளையில் ஹெராயின் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு அங்கே தான் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிடத்தில் மூச்சு திரும்பும். கூடவே வாந்தி, குளிர், வியர்வை, எலும்புக்குள் குடைச்சல் எல்லாம் ஒரே சமயத்தில் வரும். எழுந்தவன் நன்றி சொல்ல மாட்டான். "காசு போட்டு ஏத்தினதைக் கெடுத்துட்டியே" என்று திட்டுவான். அந்த அவஸ்தையை நம்பி ஒருத்தன் கூடுதலாகப் போடுவானா?

9 ஜூன், காலை

நேற்று அவசரத்தில் எழுதினேன். முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இந்தச் சாவு எப்படி வருகிறது என்பது கமிட்டிக்காரர்களுக்குத் தெரிந்தாலே பாதி வாக்குவாதம் ஓய்ந்துவிடும்.

ஊசி போட்டவுடனே நுரை தள்ளிச் சாவதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சில சமயம் சட்டென்று நடப்பதுண்டு. நிறையப் பேருக்கு அப்படியில்லை. மூச்சு மெல்ல மெல்லக் குறையும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கூட ஆகலாம். தொண்டையில் கரகரவென்று ஒரு குறட்டை. எங்கள் தெருவில் போன பையன், என் தம்பியின் கூட்டாளி, அப்படித்தான் போனான். ராத்திரி குறட்டைச் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்திருக்கிறாள். நாலு நாளாகத் தூங்காமல் அலைந்த பிள்ளை இன்றைக்காவது தூங்குகிறானே என்று போர்வையைப் போர்த்திவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாள். விடிந்தபோது உடம்பு விறைத்திருந்தது.

அந்தக் குறட்டை தூக்கம் இல்லை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்திருக்கும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும், மார்பெலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் முழிப்பு வராது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும்.

9 ஜூன், மாலை

மோல்மீன் அண்ணன் ஒருவர் கேட்கிறார்: "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுதானே? மருந்தை எதுக்கு வீட்ல வைக்கணும்?"

தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், அண்ணே. அதுதான் விஷயமே. பக்கத்தில் இருக்கிறவன் யார்? அவனும் ஊசி போட்டவன்தான். பர்மாவின் 1993 போதைப்பொருள் சட்டத்தில், சிகிச்சைக்குப் பேர் பதியாத பயன்பாட்டாளருக்கு 3 முதல் 5 வருஷம் ஜெயில் இருந்தது. அதை 2018-ல் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் பொருளை வைத்திருந்ததற்கான தண்டனை அப்படியே நிற்கிறது, 5 முதல் 10 வருஷம். பயன்படுத்துகிறவன் கையில் பொருள் இல்லாமல் எப்படி இருக்கும்? சட்டைப் பையில் கிடக்கும் கொஞ்சம் தூள் போதும். ஆகவே கூட்டாளி நீலம் பாரித்துக் கிடந்தாலும், கூப்பிட்டால் போலீஸ் வருமா ஆம்புலன்ஸ் வருமா என்று முதலில் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கு முடிவதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது.

அம்மா அப்பாவும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். கூடவே அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே, பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரமாச்சே என்று இன்னும் இரண்டு கவலை.

அமெரிக்காவில் பல மாநிலங்களில், ஓவர்டோஸ் என்று உதவிக்குக் கூப்பிட்டவர் மேல் போதைப்பொருள் வைத்திருந்த கேஸ் போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே அப்படி ஒரு தைரியத்தோடு யாரும் போனை எடுத்து நான் பார்த்ததில்லை.

10 ஜூன்

சிரிஞ்ச் வைத்திருந்தாலே குற்றம் என்று பெகு வாசகர் எழுதியதற்கு ஒரு திருத்தம். அது 1917 பர்மா எக்சைஸ் சட்டத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் ஊசி வைத்திருந்தால் பிடிக்கலாம். 2015-ல் அதைத் திருத்தி ஊசி விஷயத்தை எடுத்துவிட்டார்கள். ஆகவே "புது ஊசி வாங்க சென்டருக்குப் போனா பிடிப்பாங்க" என்று பசங்களிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பழைய ஊசியையே கழுவிக் கழுவிப் போடுவார்கள். 2017-ஐ ஒட்டி எடுத்த கணக்கெடுப்பில், இங்கே ஊசி போடுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு எச்ஐவி.

நடைமுறையில் தெருமுனையில் நிற்கிற காவலருக்கு 2015 திருத்தம் தெரிந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. எங்கள் களப்பணியாளர்கள் உபயோகித்த ஊசிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரும்போது அமைப்பின் கடிதத்தைக் கழுத்து அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருப்பார்கள்.

10 ஜூன், சற்றுப் பிறகு

யாமாவுக்கும், அதாவது மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரைக்கும், இது கேட்குமா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, யாமா மாத்திரைக்கு நலோக்சோன் வேலை செய்யாது. அது வேறு வகை. ஹெராயின், அபின், மார்ஃபின், மெத்தடோன், டிரமடோல் மாதிரியானவற்றுக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் ஹெராயின் பங்கை மட்டும் எடுக்கும், அதனால் போடுவதில் தப்பில்லை.

14 ஜூன்

"வெளிநாட்டுக்காரங்க பிரச்சினையை இங்க எதுக்குப் பேசணும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாலிபான் 2022-ல் அபின் பயிருக்குத் தடை போட்டபிறகு ஆப்கானிஸ்தானில் விளைச்சல் விழுந்தது. 2023-ல் உலகத்திலேயே அதிகம் அபின் விளைந்த நாடு நம்முடையது. ஐ.நா. கணக்கில் 1,080 டன். ஷான் மலையில் விளைவது ரங்கூன் வழியாகப் போகும்போது நம் தெருவில் இறங்காமல் போகுமா? நம் பிள்ளைகளுக்கு வராது என்று தமிழ்க் குடும்பங்கள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தன. எங்கள் வீடும் அதில் ஒன்று.

15 ஜூன்

தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கச்சின் பக்கம் பாக்கந்துக்குப் போனான், பச்சைக்கல் (ஜேட்) பொறுக்க. கம்பெனி லாரிகள் கொட்டும் மண்மேட்டில் ஏறிக் கல் தேடுகிறவர்களை யேமசே என்பார்கள். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆள் போகிறது. நல்ல கல் ஒன்று கிடைத்தால் கடன் தீரும், தங்கச்சி கல்யாணம் நடக்கும் என்றுதான் எல்லாருமே போகிறார்கள். அவனுக்குக் கல் கிடைக்கவில்லை. நம்பர் ஃபோர் கிடைத்தது, ஹெராயினுக்கு அங்கே அதுதான் பேர். டீக்கடைக்கு நடக்கிற தூரத்தில் கிடைக்கும் என்பான். இடுப்பு வலிக்கு முதலில் போட்டானாம்.

அங்கே பாத் ஜாசான் என்று கச்சின் சர்ச்சுகளை ஒட்டி 2014-ல் எழுந்த ஒரு போதை ஒழிப்பு இயக்கம். அந்தப் பேரில் ஆட்களைப் பிடித்து, மருந்து எதுவும் தராமல் ஜெபத்தோடு அடைத்து வைப்பார்கள். தம்பியையும் பிடித்தார்கள். சில மாசம் கழித்து விட்டார்கள். உடம்பு தேறி, சதை போட்டு, சிரித்த முகமாக ரங்கூன் வந்தான். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

வந்த வாரமே பழைய அளவைப் போட்டான்.

அதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். உடம்பு பழக்கத்தை மறந்துவிடுகிறது, கை மறப்பதில்லை. முன்பு தாங்கிய அளவு இப்போது ஆளைக் கொல்லும். பின்கட்டில் விழுந்து கிடந்தவன் தலையில் பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் தேய்த்தார், இன்னொருவர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார், யாரோ உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றலாம் என்றார்கள். இதில் எதுவுமே வேலை செய்யாது. உப்புத் தண்ணீர் ஊசி ஆபத்து. எங்கள் சென்டரில் வேலை பார்த்த பையன் ஒருவன் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். அவனும் முன்பு ஊசி போட்டவன்தான். ஓடி வந்து முதலில் வாயில் வாய் வைத்து ஊதினான். பிறகு பையிலிருந்து ஆம்பூலை எடுத்தான். கழுத்தில் புள்ளி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி. லுங்கி நுனியில் சுற்றி டக்கென்று ஒடித்தான், சிரிஞ்சில் இழுத்தான், லுங்கி மேலேயே தொடையில் குத்தினான். மறுபடி ஊதினான். மறுபடி. தம்பி இருமினான்.

அந்தப் பையன் வராமல் இருந்திருந்தால் என்று நான் யோசிப்பதில்லை. அம்மா யோசிப்பாள். இப்போதும் அந்தப் பையனுக்குத் தீபாவளிக்கு லுங்கி எடுத்துக் கொடுக்கிறாள்.

16 ஜூன்

பாத் ஜாசான் பற்றி நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கச்சின் தாய்மார்கள் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளை இழந்தவர்கள். அரசாங்கம் ஒன்றும் செய்யாது என்று தெரிந்தபிறகு தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. அவர்களோடு உட்கார்ந்து பேசிய சென்டர்கள் உண்டு. ஆனால் பிடித்து அடைத்துப் பிறகு வெறுங்கையோடு வெளியே அனுப்புவது ஆளைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. விடுகிற அன்றைக்குக் கையில் இரண்டு ஆம்பூலும், மெத்தடோன் (ஹெராயினுக்குப் பதிலாகத் தரும் மருந்து) கொடுக்கும் இடத்தின் விலாசமும் கொடுத்து அனுப்பினால் எவ்வளவோ பேர் பிழைப்பார்கள்.

ஜெயிலுக்கும் இதே கதைதான். ஜனவரி 4 சுதந்திர தினத்திலும் திங்கியான் புத்தாண்டிலும் பொதுமன்னிப்பு என்று கூட்டம் கூட்டமாக விடுகிறார்கள். வெளியே வந்த முதல் இரண்டு வாரம்தான் மிக மோசமான காலம். உங்கள் வீட்டுக்கு, தெருவுக்கு அப்படி யாராவது வந்தால் கொண்டாட்டத்தோடு இதையும் நினைவில் வையுங்கள்.

22 ஜூன்

மெத்தடோன் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள்.

2006-ல் இங்கே ஆரம்பித்தது. தினமும் வாயில் குடிக்கும் திரவம். ஊசித் தேவையும் திருட்டும் குறையும், வேலைக்குப் போகலாம். ஓவர்டோஸ் சாவைத் தடுக்க இதைவிட நிலையான வழி இல்லை என்பதுதான் உலக அனுபவம். தம்பி அதில்தான் இருக்கிறான், இப்போது ஒரு ஒர்க்ஷாப்பில் வெல்டிங் பார்க்கிறான்.

ஆரம்பித்த காலமும் சுலபமானதாக இல்லை. அதற்கு முந்தின வருஷம், 2005-ல், எச்ஐவி, காசநோய், மலேரியா வேலைக்குப் பணம் தரும் குளோபல் ஃபண்ட் பர்மாவை விட்டே போய்விட்டது. மற்ற நாடுகள் சேர்ந்து மூன்று நோய் நிதி என்று ஒன்றைப் போட்டுத்தான் 2006-லிருந்து ஊசி மாற்று வேலையும் எச்ஐவி வேலையும் நகர்ந்தது. பணம் நின்றால் சென்டர் மூடும், சென்டர் மூடினால் ஆள் சாவான். 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோதும் அதே பயம். எனக்குத் தெரிந்த களப்பணியாளர்கள் சிலர் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். அவர்களில் ஒருவன் வேலை போனபிறகும் பையில் ஆம்பூலோடுதான் நடமாடுகிறான்.

தடை எங்கே என்றால், தினமும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பஸ் காசு, பாதி நாள் கூலி. 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபிறகு பல டாக்டர்களும் சயாமாக்களும் (நர்சுகளும்) அரசு வேலையை விட்டு வெளியேறினார்கள். ராத்திரி விருந்தாளி வந்தால் வார்டு ஆபீசில் சொல்ல வேண்டும் என்ற பழைய விதி மறுபடி வந்தது. வெளியூரிலிருந்து மெத்தடோனுக்காக வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவன் என்ன செய்வான்? 2024-ல் ராணுவச் சேர்ப்புச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததும் 18 முதல் 35 வரை உள்ள ஆண்கள் பஸ் ஸ்டாண்டு, செக்போஸ்ட் பக்கமே போகப் பயப்படுகிறார்கள். மெத்தடோன் வரிசையில் நிற்கிறவர்களில் நிறையப் பேர் அந்த வயசுதான். ஒரு நாள் வராமல் போனவன் சாயங்காலம் நம்பர் ஃபோரைத் தேடிப் போகிறான்.

கொரோனா சமயத்தில் சில நாளுக்கான மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். அது பெரிய உதவி. அதைத் தொடர வேண்டும், இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

23 ஜூன்

வீட்டுக்குக் கொடுக்கும் மெத்தடோனில் ஒரு எச்சரிக்கை, நேற்றே எழுதியிருக்க வேண்டியது. பூட்டிய பெட்டியில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் சர்பத் என்று குடித்தால் உயிருக்கு ஆபத்து. தம்பி பழைய மிலிட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கிப் பூட்டுப் போட்டு, சாவியை அம்மா தாலிக்கயிற்றோடு கட்டிவிட்டான். அம்மாவுக்கு அதில் பெருமை.

மெத்தடோன் எடுக்கிறவர் அதோடு தூக்க மாத்திரையும் சாராயமும் சேர்த்தால் மூச்சு நிற்கும். ஆரம்பித்த முதல் வாரங்களில் ரொம்பக் கவனம். அளவு போதவில்லை என்று மேலே ஹெராயினும் போட்டு விழுந்தவர்கள் உண்டு. போதவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி அளவைக் கூட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

6 ஜூலை

பயிற்சி எப்படி நடக்கும் என்று கேட்டவர்களுக்கு. நான் பார்த்தது ஒரு வீட்டுத் திண்ணையில். பத்துப் பன்னிரண்டு பெண்கள், பாதிப் பேர் தமிழ், மீதி பர்மியர். வாழைத்தண்டை அடுக்கி வைத்து, சிரிஞ்சில் வெறும் தண்ணீர் இழுத்துக் குத்தப் பழக்கினார்கள். ஒரு பாட்டிக்குக் கை நடுங்கியது. சொல்லிக்கொடுத்த பையன், "பாட்டி, இது உங்க மருமகன் தொடைன்னு நினைச்சுக்குங்க" என்றான். பாட்டி ஓங்கிக் குத்தியதில் தண்டின் மறுபக்கம் தண்ணீர் வந்தது. திண்ணையே சிரித்தது. மருமகனும் அங்கேதான் இருந்தார், அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் ஒரு பெண் தன் மகனைப் பற்றி முதல்முறையாக வாயைத் திறந்தாள். மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழுந்து போகவில்லை.

2014-ல் உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் சொன்னது: ஓவர்டோஸைப் பார்க்க நேரக்கூடிய யாருக்கும் நலோக்சோன் கிடைக்க வேண்டும், போடக் கற்றுத்தர வேண்டும். கூட்டாளிகள், குடும்பம், வீட்டுக்காரர் எல்லாரும் அதில் சேர்த்தி. என்னைக் கேட்டால், பவுடர் விற்கும் சந்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவரையும் முதலில் சேர்ப்பேன். நாள் முழுக்க அங்கே இருப்பவர் அவர்தான்.

7 ஜூலை

"ஊசி போட்டாச்சு, எழுந்துட்டான், அனுப்பிடலாமா?" கூடாது. நலோக்சோனின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஹெராயின் அதைத் தாண்டியும் உடம்பில் இருக்கலாம், மெத்தடோன் என்றால் நாள் கணக்கில் இருக்கும். மறுபடி மயக்கம் வரும். இரண்டு மூன்று மணி நேரமாவது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், குடைச்சல் தாங்காமல் மறுபடி போட ஓடுவான், விடாதீர்கள். மெத்தடோன் குடித்து விழுந்தவனை எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

போலீஸ் பயம் இருக்கிறதே என்பீர்கள். ஆஸ்பத்திரியில் "மூச்சுத் திணறல், மயக்கம்" என்று சொல்லி உள்ளே நுழையுங்கள், டாக்டரிடம் மட்டும் தனியாக உண்மையைச் சொல்லுங்கள். என்ன போட்டான் என்று தெரியாமல் அவரால் மருந்து பார்க்க முடியாது.

3 ஆகஸ்ட்

கடைசியாக வந்த இரண்டு கேள்விகள்.

ஆம்பூலை ஐஸ்பெட்டியில் வைக்கத் தேவையில்லை. வெயிலும் வெளிச்சமும் படாத இடம் போதும். கரண்ட் இல்லாத வீட்டிலும் வைக்கலாம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில், மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைக்காதீர்கள். துணியில் சுற்றி, பக்கத்திலேயே இரண்டு புது சிரிஞ்சோடு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். ஒளித்து வைத்தால் ராத்திரியில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தேதி முடிந்திருந்தால் சென்டரில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆள் நீலம் பாரித்துக் கிடக்கும்போது தேதி முடிந்ததுதான் கையில் இருக்கிறது என்றால் அதையே போடுங்கள், ஒன்றும் போடாமல் இருப்பதைவிட மேல். ஒரு ஆம்பூலில் 0.4 மில்லிகிராம் இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு வரவில்லை என்றால் இன்னொன்று. அந்த இடைவெளியில் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து விநாடிக்கு ஒரு தடவை வாய்வழியாக ஊதிக்கொண்டே இருங்கள். ஆம்பூலே இல்லாத வீட்டிலும் உதவி வந்து சேரும்வரை ஊதுவதை நிறுத்தாதீர்கள்.